செத்த நேரம்

1

நான் பஸ் டிரைவர். இங்கிலாந்தின் வடக்கே, மழையும் ஆடும் அதிகமாக இருக்கும் ஒரு சின்ன நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். ஊரில் யாராவது கேட்டால் என் மனைவி, "அவிய டிரான்ஸ்போர்ட்டுல இருக்காவ" என்பாள். அதைக் கேட்டு நான் ஏதோ கப்பல் கம்பெனியில் இருப்பதாக நினைத்துக்கொண்ட சொந்தக்காரர்கள் எங்கள் ஊர் மம்சாபுரத்தில் உண்டு. நாங்கள் அவர்களைத் திருத்தியதில்லை.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள், காலை பதினோரு மணிக்கு, இந்த நாடு வாயை மூடிக்கொண்டு நிற்கும். போரில் செத்துப்போனவர்களுக்கு மரியாதை. கோட்டில் காகிதத்தில் செய்த சிவப்புப் பூவைக் குத்திக்கொள்வார்கள். எங்கள் கண்ட்ரோல் ரூமிலிருந்து வயர்லெஸ்ஸில் சொல்வார்கள்: எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே ஓரங்கட்டுங்கள், எஞ்சினை அணையுங்கள். போன நவம்பரில் நான் மார்க்கெட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். பஸ்ஸுக்குள் பத்துப் பதினைந்து பேர். வெளியே காய்கறி விற்பவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். நாய்கூடக் குரைக்கவில்லை. நானும் தலையைக் குனிந்து, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரி நேரங்களில் என் முகம் ரொம்ப நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அப்போது என் பைக்குள்ளிருந்து கெட்டிமேளம் அடித்தது.

தவில், நாதஸ்வரம், ஜால்ரா, எல்லாம். அண்ணன் மகள் ஜெனிக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் மதினியின் நம்பருக்கு மட்டும் நான் அந்த ரிங்டோனை வைத்திருந்தேன். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், எங்கள் கல்யாணத்துக்கு பேண்டு செட்தான். ஆனால் ஃபோனில் கெட்டிமேளம்தான் கிடைத்தது. ஃபோனை எடுத்து அணைக்கப் பார்த்தேன். பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். முன் சீட்டில் தள்ளுவண்டிப் பையோடு உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மாள், ஒரு நாட்டின் மொத்தத் துக்கத்தையும் கண்ணில் திரட்டி என்னை முறைத்தார்.

டிப்போவுக்குப் போய் மதினியைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"தம்பி, ஒங்க அண்ணன் கல்யாணத்துக்கு வரமாட்டேங்காவ."

"யார் கல்யாணத்துக்கு மதினி?"

"நம்ம ஜெனி கல்யாணத்துக்குத்தான். பெத்த மகளச் சர்ச்சுக்குள்ள கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக மாட்டாவளாம். கால் வலிக்காம். நேத்து செண்பகத்தோப்பு வரைக்கும் நடந்துட்டு வந்த மனுசனுக்கு இன்னைக்குக் கால் வலிக்காம்."

"நான் வேணா பேசிப் பாக்கட்டுமா?"

"பேசுங்க. ஒங்ககிட்டயாவது வாயத் தொறக்காவளான்னு பாப்பம். அவ அழுதுக்கிட்டுக் கெடக்கா. எங்கப்பா வரலன்னா நான் வாசல்லயே நின்னுக்கிடுதேங்கா."

கல்யாணம் ஜனவரியில், ஸ்ரீவில்லிபுத்தூரில்.

2

என் அண்ணன் மிலிட்டரி. ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்தவர். வடக்கே மலைமேல் ஒரு சண்டை நடந்தபோது அங்கே இருந்தார். கூமாப்பட்டிக்காரர் செல்வம் என்று ஒருவர், அண்ணனோடு ஒரே ரயிலில் ஆள் சேர்ந்தவர், அந்தச் சண்டையில் செத்துப்போனார். அவர் பெட்டியில் வந்தார். அண்ணன் லீவில் வந்தார். இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கண்ணோடு வந்தார். எண்ணிப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாங்கள் ஸ்தோத்திரம் பண்ணிவிட்டு, ஆட்டுக்கறி எடுத்துச் சாப்பிட்டோம்.

அதன் பிறகு அவரிடம் தெரிந்த மாற்றமெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். பால்கோவா சாப்பிடமாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்துவிட்டு பால்கோவா வேண்டாம் என்பது, கடற்கரையில் பிறந்தவன் மீன் வேண்டாம் என்பது மாதிரி. சர்க்கரை வியாதி வந்திருக்கும் என்று பேசிக்கொண்டோம். கிறிஸ்துமஸ், தீபாவளி இரண்டுக்கும், வெடிச் சத்தம் தொடங்குமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையடிவாரக் காட்டுக்கு, செண்பகத்தோப்புப் பக்கம் போய்விடுவார். "அண்ணன் யானைக்குப் பலகாரம் குடுக்கப் போயிருக்காவ" என்று நான்தான் வீடு முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைப்பேன்.

ஒருமுறை ராஜபாளையத்தில் ஒரு தியேட்டருக்குப் போனோம். யுத்தப் படம். புதிதாக ஸ்பீக்கர்கள் மாட்டியிருந்தார்கள். குண்டு போட்டால் நாற்காலி அதிரும் என்று போஸ்டரிலேயே இருந்தது. முதல் குண்டு விழுந்தது. நாற்காலி அதிர்ந்தது. பக்கத்தில் பார்த்தால் அண்ணன் இல்லை. படம் முடிந்து வெளியே வந்தால் பருத்திப்பால் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"என்ன, படம் புடிக்கலயா?"

"உள்ள ஏசி ஓவருலே. குளுருது."

பனிமலையில் வருஷக்கணக்கில் இருந்த மனுஷன். நான் அதை நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, மிச்சப் படத்தின் கதையை மம்சாபுரம் போய்ச் சேரும் வரை, குண்டு விழும் சத்தத்தை வாயால் எழுப்பியபடி, அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

3

மதினி கூப்பிட்ட அதே வாரம், என் மகள் ராகேல் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளோடு வந்தாள். பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ரேச்சல். நாங்கள் கூப்பிடுவது வேதாகமத்தில் உள்ளபடி ராகேல். ஒரே ஆள், இரண்டு பெயர், இரண்டுக்கும் உடனே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

தாளில் ஐந்து கட்டங்கள். கண், காது, மூக்கு, நாக்கு, தோல். பழைய காலத்தில் போரை எப்படிப் பாடினார்கள், வரைந்தார்கள், செதுக்கினார்கள். இந்தக் காலத்தில் எப்படிக் காட்டுகிறார்கள். அதில் எந்தப் புலனுக்கு என்ன கிடைக்கிறது என்று எழுத வேண்டும். கடைசியில், போரை நேரில் பார்த்த ஒருவரிடம் பேசி அதையும் சேர்க்க வேண்டும். உங்கள் குடும்பத்து மொழியில் உள்ளதை எடுத்தால் நல்லது என்று டீச்சர் சொன்னாராம்.

தமிழில் எனக்கு பாஸ் மார்க்குக்கு மேல் வந்ததில்லை. ஆனாலும் ராஜபாளையம் பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழய்யா போர்ப் பாடல்களை நடித்தே காட்டுவார். மேஜையை அடித்து முரசு ஆக்குவார். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு நான் சோபாவில் சாய்ந்து பேராசிரியர் ஆனேன்.

"பழைய பாட்டுல சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி தலையில பூ வைப்பாங்கம்மா. மாட்ட ஓட்டிட்டு வரப் போனா ஒரு பூ. மீட்டுட்டு வரப் போனா ஒரு பூ. கோட்டைய வளைச்சா ஒரு பூ. நேருக்கு நேர் மோதினா தும்பை. ஜெயிச்சா வாகை."

"தும்பை எப்படி இருக்கும்?"

"நம்ம தோட்டத்து வரப்புல எல்லாம் கெடக்கும். வெள்ளையா, நகம் மாதிரி சின்னதா."

எழுதிக்கொண்டாள். "தோத்துப் போனா என்ன பூ?"

தமிழய்யா அதை நடத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"சும்மா திரும்பி வந்தவங்களுக்கு? ஜெயிக்கவும் இல்ல, சாகவும் இல்ல. அவங்களுக்கு?"

"அடுத்த கட்டத்துக்குப் போ" என்றேன்.

காதுக்கு முரசு. முரசுக்குத் தோல் எருதுடையது, அதற்குப் பலி கொடுப்பார்கள், அது இடி மாதிரி அதிரும் என்றேன். கண்ணுக்கு, யானைகள் குன்று சாய்கிற மாதிரி விழும். ரத்தம் ஆறாக ஓடும். நாக்குக்கு யோசித்து, களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சி ருசி பார்ப்பதைச் சொன்னேன்.

"அப்ப நாக்கு கட்டத்துல பேய்னு எழுதவா?"

"எழுது."

"மனுசங்க நாக்கு?"

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் மண்டபத் தூண்கள் என் ஞாபகத்துக்கு வந்தன. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வேதக்காரப் பையன்களும் போயிருக்கிறோம். தூணில் வாளோடு வீரன் நிற்பான். கால் நகம்வரை செதுக்கியிருப்பார்கள், விரல் பட்டால் கல் ஐஸ் மாதிரி இருக்கும். ஆனால் காதைப் பொத்திக்கொண்ட ஒரு சிலையை நான் பார்த்ததில்லை. பாட்டிலும் யாருக்கும் காது அடைத்துப்போனதாக ஐயா சொல்லவில்லை. எல்லாம் போருக்குப் போகிற சத்தம்தான். வந்தவன் வீட்டில் எந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டான் என்று ஒரு வரி இருந்திருந்தால், அது பரீட்சைக்கு வராத பகுதியாக இருந்திருக்கும்.

"பெரியப்பாகிட்ட கேளு" என்றேன். அப்படியே கல்யாணப் பேச்சையும் எடுத்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

4

வீடியோவில் அண்ணன் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ராகேலின் தமிழ், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்ற தமிழ். அதில் யுத்தத்துக்குப் 'போர்' என்று பெயர். மம்சாபுரத்தில் யாரும் யுத்தத்தைப் போர் என்று சொல்வதில்லை, அது சண்டை. போர் என்றால் தரையில் துளை போட்டுத் தண்ணீர் எடுப்பது. அந்த ஐப்பசியில்தான் அண்ணன் மாந்தோப்பில் போர் போட்டிருந்தார். திருச்செங்கோட்டு லாரி வந்து துளைத்து, தண்ணீர் வராமல் போய்விட்டது.

"பெரியப்பா, போர்ல என்ன வாசம் வந்துச்சு?"

"போர்லயா?" அண்ணனுக்கு சந்தோஷம். தம்பி பிள்ளை, சீமையில் இருந்துகொண்டு தன் தோட்டத்தைப் பற்றிக் கேட்கிறது. "டீசல் வாசந்தான் தாயி. பொறவு கல்லப் பொடிச்சு வருமுல்லா, அந்த வெள்ளப் புழுதி. மூக்கு, வாயி எல்லாம் அதான். ஈர மண்ணு வாசம் வரும் வரும்னு பாத்தேன். வரவே இல்ல."

ராகேல் மளமளவென்று எழுதினாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஃபோனுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தேன். கொஞ்சம் ஓடட்டும், அப்புறம் இருவருக்கும் சொல்லிச் சிரிக்கலாம் என்று விட்டேன்.

"எந்தச் சத்தம் ரொம்ப மோசம் பெரியப்பா?"

"சத்தத்த விடு. அது நின்னுச்சு பாரு. எல்லாம் ஒரே அடியா நின்னுச்சு. ஒரு சத்தமும் இல்ல. அப்பந்தான் செத்த நேரம் படுத்துட்டேன்."

"எங்க?"

"வரப்போரமா. குப்புற."

"தனியாவா?"

"இல்ல தாயி, செல்வம் பக்கத்துல கெடந்தான்."

நான் சிரிப்பை நிறுத்தினேன். போர் லாரியில் செல்வம் என்று யாரும் வரவில்லை.

அண்ணன் ஃபோனைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே எங்கோ பார்த்தார். "அவுக வீட்டுல இருந்து பால்கோவா வந்திருந்துச்சு. கல்லு மாதிரி ஒறஞ்சு போச்சு. ஒடைக்க முடியல. ஆளுக்கு ஒரு துண்டு நாக்குல போட்டு வச்சிருந்தோம், கரையட்டும்னு. எல்லாத்துலயும் மண்ணெண்ண வாசம்லா. அதுலயும் மண்ணெண்ண. அவன் என்னமோ சொல்ல வந்தான். எனக்குக் கரையறதுக்கு முன்னாடியே."

பிறகு, "மோட்டார அணைக்கணும் தாயி, வையி" என்றார். மோட்டார் ஓடவில்லை. தண்ணீரே இல்லாத போரில் எந்த மோட்டார் ஓடும்.

ராகேல் எழுதிமுடித்துக் காட்டினாள். அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'அந்தச் செத்துப்போன நேரத்தில் என் பெரியப்பா தரையில் குப்புறக் கிடந்தார்.'

"செத்த நேரம்னா அது இல்ல பிள்ள. கொஞ்ச நேரம்னு அர்த்தம். நம்ம ஊர்ப் பேச்சு. செத்த நேரம் இருங்க, செத்த நேரத்துல வாரேன், அப்படி."

"ஆனா செல்வம் மாமா செத்துட்டாங்கல்ல?"

"ஆமா."

"அப்ப ரெண்டும் சரிதான?"

போர் என்றால் போர்வெல் என்பதையும் சொன்னேன். அவள் முகம் சிவந்து, தாளை மடித்து, மறுபடி பிரித்தாள். "இதுல எது எந்தப் போர்ப்பா?" என்று கேட்டாள். பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். டீசல் எந்த இடத்தில் முடிந்து மண்ணெண்ணெய் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எனக்குக் கோடு போட வரவில்லை.

5

"எனக்குத் தெரியும் தம்பி" என்றார் மதினி, அண்ணன் சொன்னதை நான் ஃபோனில் சொன்னதும். "போர் போட்ட அன்னிக்கு லாரிக்காரவளுக்கு டீ கொண்டு போறேன், ஒங்க அண்ணன் வரப்புல குப்புறக் கெடக்காவ. தலமேல கைய வச்சுக்கிட்டு. நான்தான் தூக்கி விட்டேன். சட்டையெல்லாம் தும்பப் பூவு ஒட்டிக் கெடந்துச்சு. அந்த லாரிக்காரப் பயலுவ சிரிச்சானுவ. அதுல இருந்துதான் நாலு பேரு கூடுற எடத்துக்கு வரமாட்டேங்காவ."

தும்பை. ராகேலிடம் பேராசிரியராக இருந்தபோது நான் அதைத் தலையில்தான் சூடுவார்கள் என்று சொல்லியிருந்தேன்.

"கல்யாணத்துக்கும் அதானா மதினி?"

"நேத்துச் சொன்னாவ. 'எம்மவ கையப் பிடிச்சுக்கிட்டு வரும்போது கீழ விழுந்தேன்னா? சம்பந்தி வீட்டுக்காரன் பாக்கமாட்டானா? அவளுக்கு காலத்துக்கும் அது போதாதா'ன்னு."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. புலம்பெயர்ந்தவனுக்கு ஊர்ப் பிரச்சினைகளுக்கு யோசனை வந்துகொண்டே இருக்கும். அது ஒரு வியாதி. "வெடி வேண்டாம், பேண்டு வேண்டாம். கார்ல இருந்து எறங்கி உள்ள போற வரைக்கும் எல்லாரும் ஒரு சத்தம் இல்லாம நிக்கட்டும் மதினி. இங்க வெள்ளக்காரன் அப்படித்தான் பட்டாளத்துக்காரனுக்கு மரியாதை பண்ணுதான்."

சம்பந்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அவரிடம் நான்தான் பேசினேன்.

"வெடி வேண்டாமா? தம்பி, சிவகாசியில சொல்லியாச்சு. என் மூத்தவன் கல்யாணத்துக்குப் போட்ட வெடியில சர்ச் கோபுரத்துப் புறா போனதுதான், இன்னும் திரும்பல. வெடி இல்லாம இது என்ன, எழவு வீடா?"

"எழவு வீட்டுலயும் நாம வெடிதான போடுதோம் அண்ணாச்சி."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். முழுதும் சொல்லவில்லை, மிலிட்டரி, சத்தம், அவ்வளவுதான். கடைக்கு வந்த யாரையோ கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பிறகு, "எங்க சித்தப்பா ஒருத்தரும் மிலிட்டரிதான் தம்பி. கதவு படார்னு அடைச்சா சாப்பாட்டத் தட்டிவிட்டு எந்திரிச்சிருவாரு. கிறுக்குன்னு சொல்லிட்டோம்" என்றார். "நீங்க கவலப்படாதிய. அன்னைக்கு ஈ பறந்தா சத்தம் கேக்கும். நான் பாத்துக்கிடுதேன்."

வெடி இல்லை, மேளம் இல்லை என்று மதினி சொன்னதும் அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லையாம். "அப்பம் வாரேன்" என்றாராம். ஜெனி எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினாள். "தேங்ஸ் சித்தப்பா" என்று தொடங்கி அழுகையில் முடிந்தது.

நான் போகவேண்டும் என்று லீவு கேட்டேன். 'மகளுக்குக் கல்யாணம்' என்று சொன்னேன். டிப்போ மேனேஜர் அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "உங்கள் மகளுக்குப் பதினைந்து வயது என்று இருக்கிறதே" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். போலீஸைக் கூப்பிடும் பார்வை. இல்லை, இது அண்ணன் மகள், அண்ணன் மகள் எங்களுக்கு மகள்தான் என்று விளக்கினேன். அவர்களின் பட்டியலில் அப்படி ஒரு மகள் கிடையாது. நெருங்கிய உறவு இல்லை, ஜனவரியில் ஆள் பற்றாக்குறை, வருந்துகிறோம்.

6

கல்யாணம் சாயங்காலம். இங்கே எனக்கு அது முற்பகல். கடைசி ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, இடைவெளி நேரத்தில் ஃபோனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டேன். மதினியின் தம்பி அங்கிருந்து வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தார்.

சம்பந்தி சொன்னதைச் செய்திருந்தார். சொன்னதற்கு மேலேயே செய்திருந்தார். சர்ச் வாசலில் இருபக்கமும் ஜனம். சிவப்புச் சட்டை பேண்டுக்காரர்கள் கருவிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். தெருவில் ஆட்டோக்களை எஞ்சினை அணைக்கச் சொல்லியிருந்தார். சர்ச் மணியையும் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டாராம். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அவரே அங்குமிங்கும் நடந்தார். கைக்குழந்தைகளைக்கூடத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தனை பேர் ஒரு இடத்தில் கூடி இருமல்கூட இல்லாமல் நின்றதை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. என் யோசனை.

கார் வந்து நின்றது. எஞ்சின் அணைந்தது.

ஜெனி வெள்ளைச் சேலையும் முக்காட்டு வலையுமாக இறங்கினாள். அண்ணன் கோட்டு போட்டிருந்தார். அவருக்கு அது தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. கையைக் கொடுத்தார். அவள் பிடித்துக்கொண்டாள். நடந்தார்கள். செருப்புச் சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

பாதி வழியில் அண்ணன் நின்றார். தலையை லேசாகச் சாய்த்து எதையோ கேட்கப் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, மரியாதையாக நின்றார்கள். அவர் முகம் மாறியது. நான் ஃபோனைப் பார்த்து, "நடங்கண்ணே" என்று சொன்னேன். அது யாருக்குக் கேட்கும்.

அவர் ஜெனியின் தோளைப் பிடித்துக் கீழே இழுத்தார். இருவரும் தரையில் விழுந்தார்கள். அவள் தலைமேல் தன் கையை வைத்து அழுத்தி, பாதி உடம்பால் அவளை மூடிக்கொண்டார். மதினியின் தம்பி ஃபோனைத் தாழ்த்திவிட்டார், படத்தில் தரையும் கால்களும்தான் தெரிந்தன. யாரும் நகரவில்லை. அவர்களிடம் ஒரு சத்தமும் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறதே.

அந்த அமைதியில் அண்ணன் குரல் தெளிவாகக் கேட்டது.

"தலையத் தூக்காத செல்வம். செத்த நேரம். செத்த நேரந்தான்."

பிறகு ஜெனியின் குரல். அழுகை இல்லை.

"தூக்கலப்பா. நீங்களும் தூக்காதிய."

படம் உறைந்துபோனது. சிக்னல். யாரோ பஸ் கதவைத் தட்டினார்கள். நான் திறந்தேன், டிக்கெட் கொடுத்தேன், வண்டியை எடுத்தேன். அன்று ஒரு ஸ்டாப்பையும் விடவில்லை என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்.

7

மிச்சத்தை மதினிதான் சொன்னார். எவ்வளவு நேரம் கிடந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மதினி, "ஏதாவது சத்தம் போடுங்களேன், யாராவது பேசுங்களேன்" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் காதோடு காதாகக் கெஞ்சியிருக்கிறார்.  தெருமுனையில் ஒரு ஆட்டோக்காரர், விவரம் தெரியாதவர், வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தார். அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணன் தலையைத் தூக்கினார். எழுந்தார். மகளை எழுப்பிவிட்டார். சேலையில் படிந்த புழுதியைத் தன் கைக்குட்டையால் தட்டப் பார்த்தார்; அது இன்னும் பரவியது. "இருக்கட்டும்ப்பா" என்று ஜெனி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே உள்ளே போனார்கள். கல்யாணப் போட்டோக்கள் எல்லாவற்றிலும் அந்த மண் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வெள்ளையாக்கித் தருகிறேன் என்று போட்டோக்காரர் சொன்னாராம். வேண்டாம் என்றுவிட்டாள்.

அன்று விருந்தில் அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"எல்லாரும் ஏன் பேசாம நின்னிய?"

சம்பந்தி எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

அன்று வேலை முடிந்து வந்து ராகேலின் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். நவம்பரிலேயே மார்க் போட்டு வந்திருந்தது. பார்த்தேன் என்று பெற்றோர் இடத்தில் என் கையெழுத்தும் இருந்தது. காது என்ற கட்டத்தில், பழைய பாட்டின் முரசுக்கும் சினிமாவின் குண்டுக்கும் கீழே எழுதியிருந்தாள்: 'பெரியப்பாவுக்கு மிக மோசமான சத்தம், எல்லாச் சத்தமும் நின்றது.' டீச்சர் அதன் அடியில் கோடு போட்டிருந்தார். எனக்கு அது அன்றைக்கு போர்வெல் நின்றதாகத்தான் பட்டது. கம்ப்ரசரை நிறுத்திவிட்டு அடுத்த ராடு மாட்டுவார்களே, அது.

ராகேல் பக்கத்தில் வந்து நின்றாள். நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜெனி அவளிடம் பேசியிருக்கிறாள்.

"திருத்தணுமாப்பா?"

"எத?"

"செத்த நேரம். கொஞ்ச நேரம்னு மாத்தவா?"

"வேண்டாம்" என்றேன்.

மறுபடி நவம்பர் வருகிறது. டிப்போவில் காகிதப் பூப் பெட்டி வந்துவிட்டது. நேற்று அண்ணனோடு பேசினேன். தோட்டத்தில் இன்னொரு இடத்தில் தண்ணீர் பார்க்கச் சொல்லி மதினி நச்சரிப்பதாகச் சொன்னார். ஜெனி முழுகாமல் இருப்பதைச் சொன்னார். நான் எஞ்சினை அணைத்து நிற்கும் அந்தத் தேதியைச் சொல்லி, நம்ம ஊர் நேரம் இத்தனை மணிக்கு நீங்க எனக்கு ஒரு ஃபோன் போடணும் என்றேன். அவர் நம்பருக்கும் கெட்டிமேளத்தை மாற்றிவைத்திருக்கிறேன். தள்ளுவண்டிப் பை அம்மாள் இந்த முறையும் முறைப்பார். முறைக்கட்டும்.

"எதுக்குலே அந்த நேரத்துல?"

"சும்மாதான். பேசிக்கிட்டு இருக்கணும். சத்தமா."

"எம்புட்டு நேரம்?"

"செத்த நேரந்தாண்ணே."